கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிட மாட்டார்கள்: அமெரிக்காவில் போராட்டத்துக்குப் போகும் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் சாலை மறியலுக்குப் போய் வந்தவர்களுக்குக் கைது என்றால் என்னவென்று தெரியும். வேனில் ஏற்றுவார்கள், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இறக்குவார்கள், மதியம் சாம்பார் சாதப் பொட்டலம் வரும், சாயங்காலம் பெயர் எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள். மறுநாள் நாளிதழில் '200 பேர் கைது' என்று படத்தோடு செய்தி வரும். பெரும்பாலும் கதை அத்தோடு முடிந்தது.

அந்த நினைப்போடு அமெரிக்கத் தெருவில் இறங்காதீர்கள். இங்கே கைது என்றால் கைரேகை. அது உள்ளூர்க் காவல் நிலையத்தோடு நிற்காது. எஃப்பிஐ வழியாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் போகும். வழக்கு தள்ளுபடியானாலும் பத்து வருடம் கழித்துக் குடியுரிமை நேர்காணலில் அதிகாரி அதைப் பற்றிக் கேட்பார்.

அதனால் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்ல வரவில்லை. 2025 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 6-ம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் ஐஸ் எனப்படும் குடியேற்ற அமலாக்கப் பிரிவு ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தேசியக் காவல்படையும், பின்னாலேயே 700 மரைன் வீரர்களும் இறக்கப்பட்டார்கள். 14-ம் தேதி அதிபர் டிரம்பை எதிர்த்து நாடு முழுக்க 'நோ கிங்ஸ்' பேரணிகள். 21-ம் தேதி இரவு ஈரானின் மூன்று அணு நிலையங்கள் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. அடுத்த நாள் கூட்டத்துக்குப் போனபோது, 'ஐஸ் அவுட்' என்று எழுதி வைத்திருந்த பழைய அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் 'நோ வார் வித் ஈரான்' என்று எழுதினேன். அட்டை மிச்சம்.

நான் வக்கீல் இல்லை. 2003-ல் மாணவனாக முதல் போராட்டத்துக்குப் போனவன், இப்போது குடிமகன், இருப்பது நியூ ஜெர்சியில். எனவே நியூயார்க், நியூ ஜெர்சி உதாரணங்கள் அதிகம் வரும். உங்கள் மாநிலத்துச் சட்டத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் உங்கள் காகிதத்தைப் பாருங்கள்

காகிதம் என்று நான் சொல்வது உங்கள் குடியேற்ற நிலையை: குடிமகனா, கிரீன் கார்டா, விசாவா, எதுவுமே இல்லையா. இந்தப் படியைத் தாண்டிவிட்டு மற்றவற்றைப் படிப்பதில் பிரயோஜனம் இல்லை.

பேசவும் கூடவும் உரிமை தரும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1791-ல் வந்தது. அதில் 'குடிமக்கள்' என்று இல்லை, 'மக்கள்' என்றுதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்த துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடு கடத்த அரசு வருடக்கணக்கில் முயன்றபோது, இங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று 1945-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, உரிமை இருக்கிறது. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டி முடிக்கும்வரை நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள் என்பது வேறு விஷயம்.

மஹ்மூத் கலீல் கிரீன் கார்டு வைத்திருந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காஸா போரை எதிர்த்த மாணவர் போராட்டத்தில் முன்னால் நின்றவர். 2025 மார்ச் 8 அன்று பிடித்தார்கள். குற்ற வழக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் லூசியானா தடுப்பு மையத்தில் 104 நாள். முதல் குழந்தை பிறந்தபோது அவர் உள்ளே இருந்தார். அதே மாதம் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கி மாணவி ருமேசா ஓஸ்துர்க்கைத் தெருவில் வைத்துப் பிடித்தார்கள். மற்ற மூவரோடு சேர்ந்து மாணவர் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஆறு வாரம் கழித்து நீதிபதி விடுவித்தார்.

அதற்கடுத்த மாதம், ஏப்ரலில், ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவை, அதாவது அவர்கள் இங்கே படிக்கத் தங்கியிருப்பதற்கான அரசுப் பதிவை, ஒரே வீச்சில் ரத்து செய்தார்கள். இந்திய மாணவர்கள் நிறையப் பேர் அதில் உண்டு. பலருக்குக் காரணம் போக்குவரத்து அபராதம், எப்போதோ தள்ளுபடியான சில்லறை வழக்கு. வழக்குகள் குவிந்த பிறகு பதிவுகளைத் திரும்பக் கொடுத்தார்கள். நான் அடிக்கோடிட விரும்புவது 'தள்ளுபடியான வழக்கு' என்பதைத்தான். விசாவுக்கான டிஎஸ்-160 படிவம் 'எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா' என்று கேட்கிறது. குடியுரிமைக்கான என்-400 அதற்கும் மேலே போய், கைது, டிக்கெட் (போலீஸ் எழுதித் தரும் குற்றச் சீட்டு), தடுத்துவைப்பு எல்லாவற்றையும் கேட்கிறது. தண்டனை உண்டா என்பது அதற்கடுத்த கேள்வி.

எச்-1பியில் இருப்பவர்களுக்கு இன்னொரு முனை உண்டு. முதல் திருத்தம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும், உங்கள் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. போராட்டப் படம் ஒன்று பரவி மேலாளர் முகம் சுளித்து வேலை போனால், வேறு வேலை தேட 60 நாள்தான். கிரீன் கார்டு வரிசையில் பத்துப் பன்னிரண்டு வருடம் நின்றவர் அந்த 60 நாளை எப்படி எண்ணுவார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆக என் கணக்கு இது. குடிமக்கள் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், கைதாகத் துணிந்தவர்கள் உட்பட. கிரீன் கார்டுக்காரர்கள் போகலாம், ஆனால் கைது வாடை அடிக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. விசாவில் இருப்பவர்கள் பகல் நேரத்து, அனுமதி பெற்ற, குடும்பங்கள் வரும் பேரணிக்குப் போய்விட்டு, கூட்டம் கலைவதற்கு அரை மணி முன்பே கிளம்பிவிடுவது நல்லது. பழைய வழக்கு ஏதாவது இருந்தால் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போகாதீர்கள். காகிதமே இல்லாதவர்களும், நாடு கடத்தல் வழக்கு நடப்பவர்களும் தெருவுக்கு வரத் தேவையில்லை. அவர்களுக்காகத்தான் மற்றவர்கள் வருகிறோம்.

2. எந்தக் கூட்டத்துக்குப் போவது?

வாட்ஸ்அப்பில் வந்த போஸ்டரைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். சங்கம், தேவாலயம், தொழிற்சங்கம், ஊர் அமைப்பு என்று முகம் தெரிந்தவர்கள் கூப்பிட்டால், 'அனுமதி வாங்கியாச்சா, தொண்டர்கள் எத்தனை பேர், சட்ட உதவி எண் உண்டா' என்று கேட்கலாம். பதில் சொல்லாத அமைப்பாளரிடம் போகாதீர்கள்.

இங்குள்ள அமைப்புகள் பல, போக்குவரத்து விளக்குபோல மூன்று நிறம் சொல்வார்கள். பச்சை என்றால் கைதுக்கு வாய்ப்பு குறைவு. மஞ்சள் என்றால் நிலைமை மாறலாம். சிவப்பு என்றால் கைதாவதே திட்டம்: வாசலை மறித்து உட்காருவது, சாலையை அடைப்பது. நம்மில் பலர் ஊர்ப் பழக்கத்தில் சிவப்புக்குள் சாதாரணமாக நடந்து போய்விடுவார்கள். நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

இடமும் முக்கியம். நடைபாதையும் பூங்காவும் பொது இடம், அங்கே உங்கள் உரிமை வலுவானது. தனியார் தடுப்பு மையத்தின் வாசல், பல்கலைக்கழக வளாகம், கூட்டாட்சி அரசின் (நம் ஊர்க் கணக்கில் மத்திய அரசின்) கட்டடத்தின் உட்புறம் எல்லாம் வேறு கணக்கு. 2024 ஏப்ரலில் பிரின்ஸ்டன் வளாகத்தில் கூடாரம் போட முயன்ற சில நிமிடங்களில் இரண்டு மாணவர்களைக் கைது செய்தார்கள். அதில் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்தவர். அந்தச் செய்தியை நம் ஊர் நாளிதழ்களும் போட்டன. 2025 மே 9 அன்று நியூவர்க்கில் உள்ள டிலேனி ஹால் தடுப்பு மைய வாசலில் மேயர் ராஸ் பராக்காவையே அத்துமீறி நுழைந்தார் என்று கைது செய்தார்கள். பிறகு அந்த வழக்கைக் கைவிட்டார்கள். அன்றைய தள்ளுமுள்ளை வைத்து நாடாளுமன்ற உறுப்பினர் லமோனிகா மெக்ஐவர் மீது கூட்டாட்சி வழக்கு பாய்ந்தது. மேயருக்கும் எம்.பி.க்கும் இந்தக் கதி என்றால் உங்களுக்கு எந்த வாசல் வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நெடுஞ்சாலை மறியல் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 2009 ஜனவரியில் டொராண்டோ தமிழர்கள் ஈழப் போரை நிறுத்தச் சொல்லி நகர நடைபாதைகளில் மனிதச் சங்கிலி பிடித்தார்கள். பார்த்தவர்கள் நின்று கேட்டார்கள். மே 10 அன்று, முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, கைக்குழந்தைகளோடு கார்டினர் விரைவுச் சாலையில் ஏறி மணிக்கணக்கில் மறித்தார்கள். அந்த நிலையில் வேறு என்ன செய்வது என்ற ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் மறுநாள் கனடிய ஊடகங்களில் முள்ளிவாய்க்காலைவிடச் சாலை நெரிசல்தான் அதிகம் பேசப்பட்டது. அமெரிக்காவிலும் அப்படித்தான் நடக்கும். கைதும் நிச்சயம்.

3. நீங்களே நடத்துவதானால்

சுருக்கமாகச் சொல்கிறேன். நடைபாதையில் வழிவிட்டு நின்று அட்டை பிடிக்க அனுமதி தேவையில்லை. தெருவில் ஊர்வலம் போகவும், ஒலிபெருக்கி வைக்கவும் அனுமதி வேண்டும். நியூயார்க் நகரில் ஒலிபெருக்கி அனுமதியைக் காவல் துறை தருகிறது. பூங்காவில் 20 பேருக்கு மேல் கூடினால் பூங்காத் துறையிடம் வாங்க வேண்டும். வாஷிங்டன் தேசிய மால் பகுதியில் பொதுவாக 25 பேர் வரை அனுமதியின்றிக் கூடலாம். உங்கள் கருத்து பிடிக்காதவர்கள் கலாட்டா செய்வார்கள், அதிகக் காவல் தேவை, எனவே கட்டணமும் அதிகம் என்று சொல்ல முடியாது. அதை 1992-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

அனுமதி கிடைத்தாலும் முழுதாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 2003 பிப்ரவரி 15 அன்று இராக் போரை எதிர்த்து உலகம் முழுக்க ஊர்வலம் நடந்தது. நியூயார்க்கில் ஐ.நா. கட்டடத்தைத் தாண்டி நடக்க நகரம் அனுமதி மறுத்தது, நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. முதல் அவென்யூவில் நின்றபடி கூட்டம் நடத்த மட்டும் விட்டார்கள். கம்பித் தடுப்புகளால் பட்டி கட்டி அதற்குள் எங்களை நிற்க வைத்தார்கள். எலும்பைத் துளைக்கும் குளிர். என் முன்னால் நின்ற ஒரு பாட்டி மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், கம்பளி என்று முழு ஏற்பாட்டோடு வந்திருந்தார். நான் மாணவன், கையுறைகூட இல்லை. அவர் தந்த தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் பேச்சைக் கேட்டேன். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் பட்டியை விட்டு வெளியே போகலாம், திரும்ப உள்ளே விடுவார்களா என்பது அந்தந்தப் போலீஸ்காரரின் மனநிலை.

எனவே நடத்துபவர்கள் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்து வையுங்கள். பேச்சாளர் பட்டியல் அப்புறம்.

பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு தொண்டர், கையில் பட்டை கட்டியவர், வேண்டும். எதிர்க்கூட்டம் வந்து கத்தினால் இடையில் போய் முதுகு காட்டி நிற்பதுதான் அவர் வேலை, பதில் சொல்வது அல்ல.

4. அட்டையும் கோஷமும்

பீட்சா பெட்டி அட்டை போதும். எழுத்து பத்தடி தூரத்திலிருந்து தெரிய வேண்டும். ஆறு வார்த்தைக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். கம்பு வேண்டாம், பரிசுத்தாள் சுற்றி வரும் அட்டைக்குழாயைச் செருகுங்கள். வெள்ளை மாளிகைப் பக்கம் மரக்கம்பின் பருமன் முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே உண்டு.

எந்தக் கொடி பிடிப்பது என்ற சண்டை பழையது. 2005 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை எச்.ஆர். 4437 என்ற மசோதாவை நிறைவேற்றியது. காகிதமின்றி இருப்பதே பெருங்குற்றம் என்றது அது. 2006 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து லட்சம் பேர் திரண்டார்கள். மெக்சிகோ கொடிகளைப் பார்த்துத் தொலைக்காட்சிகள் கொதித்தன. அடுத்தடுத்த ஊர்வலங்களுக்கு 'வெள்ளைச் சட்டை போடுங்கள், அமெரிக்கக் கொடி கொண்டுவாருங்கள்' என்று அமைப்பாளர்கள் சொல்லி அனுப்பினார்கள். மே 1 அன்று ஊர் ஊராக வெள்ளைச் சட்டைகள். அந்த மசோதா செனட்டைத் தாண்டவில்லை. கொடியால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் பத்திரிகையில் எந்தப் படம் வர வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்தவர்கள் அவர்கள்.

போர் பற்றிய அட்டையில் 'போர் வேண்டாம்' என்று மட்டும் எழுதுவதைவிட யாரிடம் என்ன கேட்கிறோம் என்று எழுதுங்கள். 1973-ம் வருடத்துப் போர் அதிகாரச் சட்டப்படி படையை இறக்கிய 48 மணி நேரத்தில் அதிபர் இங்குள்ள நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும், காங்கிரஸ் ஒப்புதல் இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். 2025 ஜூன் 27 அன்று காங்கிரஸ் ஒப்புதல் இல்லாமல் ஈரானோடு போர் கூடாது என்ற தீர்மானம் செனட்டில் 47-53 என்று தோற்றது. நான்கு வாக்கு நகர்ந்திருந்தால் முடிவு வேறு. உங்கள் செனட்டர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதை அட்டையில் எழுதிப் பிடியுங்கள், தெருவில் போகிறவர் கேட்பார்.

5. உடம்பு, பை, போன்

சட்ட உதவி எண்ணை முன்கையில் எழுதுங்கள். போன் பறிபோனால் எந்த எண்ணும் நினைவுக்கு வராது. அழியாத மார்க்கரில் எழுதுங்கள். நான் ஒருமுறை பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொண்டு போய், ஜூலை வெயிலில் ஒரு மணி நேரத்தில் ஏழு எது, ஒன்று எது என்று தெரியாமல் ஊதா நிறத்தில் கரைந்து நின்றேன்.

முகம், விரல் ரேகை வைத்துப் போனைத் திறக்கும் வசதியை அணைத்து, குறைந்தது ஆறு இலக்கக் கடவு எண் வையுங்கள். கைதானவரின் போனைத் துழாவ போலீஸுக்கு வாரண்ட் வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முகத்துக்கு நேரே போனைக் காட்டித் திறக்க வைப்பது வேறு தகராறு, அதற்கு இடமே கொடுக்காதீர்கள். விமான நிலையத்தில் இந்த 2014 தீர்ப்பை நம்ப வேண்டாம். எல்லையில் வாரண்ட் இல்லாமலே பார்ப்பார்கள். பயணத்துக்கு முன் போராட்ட வாட்ஸ்அப் குழுக்களோடு என்ன செய்வது என்பதை விசாக்காரர்கள் யோசித்து வையுங்கள். சமூக ஊடகக் கணக்குப் பெயர்களை 2019 முதல் விசாப் படிவமே கேட்கிறது.

பதினெட்டு வயது தாண்டிய கிரீன் கார்டுக்காரர்கள் அசல் அட்டையை உடம்பில் வைத்திருக்க வேண்டும், சட்டம் அப்படி. பாஸ்போர்ட் வேண்டாம், தொலைந்தால் தூதரகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும்.

காண்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள், கண்ணாடி போடுங்கள். முகத்தில் எண்ணெய்ப் பசையுள்ள கிரீம், தலையில் தேங்காய் எண்ணெய் வேண்டாம், கண்ணீர்ப்புகைத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். மூடிய செருப்பு, தண்ணீர், வழக்கமான மாத்திரை, உப்புக் கடலை. தயிர் சாதம் கட்டிக்கொண்டு வந்த ஒரு நண்பர் இருக்கிறார். அவரைக் கிண்டல் செய்தவர்கள்தான் மூன்று மணிக்கு அவர் டப்பாவைச் சுற்றி நின்றார்கள். கத்தரிக்கோல், பேனாக்கத்தி, பட்டாசு எதுவும் பையில் இருக்கக் கூடாது.

முகக்கவசம் ஊருக்கு ஊர் வேறு. லாங் ஐலண்டின் நாசாவ் கவுண்டியில் 2024 முதல் தடை உண்டு, உடல்நலத்துக்கும் மதத்துக்கும் விலக்கு. பிடிக்க வருகிற ஐஸ் அதிகாரிகள் முகத்தை மூடிக்கொண்டு வருவது வேறு வேடிக்கை.

6. களத்தில்

தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேர் ஜோடி, வந்ததிலிருந்து வீடு சேரும்வரை. கூட்டத்தின் நடுவில் இல்லாமல் ஓரமாக நில்லுங்கள், வெளியேறும் தெரு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற பச்சைத் தொப்பி போட்டு நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவர்கள் நேஷனல் லாயர்ஸ் கில்ட் என்ற வக்கீல்கள் அமைப்பின் சட்டப் பார்வையாளர்கள். அவர்கள் கோஷம் போட மாட்டார்கள், எழுதுவார்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்து வையுங்கள்.

போலீஸ்காரர் பேச்சுக் கொடுத்தால், 'ஆம் ஐ ஃப்ரீ டு கோ?' என்று கேளுங்கள். 'யெஸ்' என்றால் ஓடாமல் நடந்து போய்விடுங்கள். 'நோ' என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. எந்த ஊர், எப்போது வந்தாய், எப்படி வந்தாய் என்பதற்கெல்லாம் பதில் சொல்லத் தேவையில்லை. சில மாநிலங்களில் பெயர் மட்டும் சொல்லியாக வேண்டும். பொய் சொல்லாதீர்கள். முக்கியமாக, பயத்தில் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு பொய் வாழ்நாள் முழுக்கக் குடியேற்றக் கதவை அடைத்துவிடும். அதற்கு மன்னிப்பு ஏறக்குறைய கிடையாது.

அதிகாரியைத் தொடாதீர்கள். கையைத் தட்டிவிடுவது, வண்டி முன்னால் போய் நிற்பது எல்லாம் கூட்டாட்சிக் குற்றமாக மாறலாம். 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் ஒருவர் கூட்டாட்சி அதிகாரி மீது சாண்ட்விச்சை எறிந்தார். பெருங்குற்றமாக்க, வழக்குத் தொடுக்கலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி மறுத்தது, சிறு குற்றமாகத் தொடுத்த வழக்கிலும் நவம்பரில் விடுதலையானார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அவர் நீதித் துறையில் வேலை பார்த்தவர், அந்த வேலை போனது போனதுதான். அவர் குடிமகனும்கூட.

படம் எடுக்கலாம். பொது இடத்தில் கடமையில் இருக்கும் போலீஸைப் படம் எடுக்கும் உரிமையைப் பெரும்பாலான மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. குறுக்கே போகாமல் தள்ளி நின்று எடுங்கள். ஆனால் பக்கத்தில் நிற்பவர் முகத்தை எடுத்து நேரலையில் போடாதீர்கள். அவர் காகிதம் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. நம்மவர்களுக்கு இது கஷ்டம், கல்யாணத்தில் பந்தி வரை படம் எடுப்பவர்கள் நாம்.

வதந்தியும் அப்படியே. 2009-ல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஈழத்துக்காக 23 நாள் உண்ணாவிரதம் இருந்த இளைஞர் ரகசியமாகப் பர்கர் தின்றார் என்று இரண்டு பிரிட்டிஷ் நாளிதழ்கள் எழுதின. பொய் என்று 2010-ல் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தன. அதற்குள் போர் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 'ஐஸ் வண்டி வருகிறது' என்ற செய்தி வந்தால் எங்கே, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். அந்த ஒரு செய்தியால் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள் பதுங்கும் குடும்பங்கள் உண்டு.

7. கலைந்து போகச் சொன்னால்

'அன்லாஃபுல் அசெம்ப்ளி' என்று ஒலிபெருக்கியில் கேட்டதுமே விசாக்காரர்களும் கிரீன் கார்டுக்காரர்களும் நகர வேண்டும். உத்தரவு நியாயமா என்று நடுத்தெருவில் வாதாட வேண்டாம். வெளியேற வழியும் நேரமும் கொடுக்க வேண்டியது போலீஸின் கடமை, ஆனால் கொடுக்காமலும் போவார்கள். 2020 ஜூன் 4 அன்று பிராங்க்ஸின் மாட் ஹேவனில் எட்டு மணி ஊரடங்குக்குச் சற்று முன்பே இரு பக்கமும் சூழ்ந்துகொண்டு, எட்டு அடித்ததும் கைது செய்தார்கள். 2023-ல் நகரம் அதற்கு ஒப்புக்கொண்ட இழப்பீடு தலைக்கு 21,500 டாலர். பணம் வந்தது நல்லதுதான், ஆனால் இடையில் மூன்று வருடம். தெருவின் இரண்டு முனையிலும் சைக்கிள் போலீஸ் வரிசை கட்டத் தொடங்கினால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

கண்ணீர்ப்புகை வந்தால் கண்ணைக் கசக்காதீர்கள். காற்று வரும் திசையை நோக்கி, மேடான இடத்துக்குப் போய், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பால் வேண்டாம், வெறும் தண்ணீர். வீட்டுக்குப் போனதும் துணியைத் தனியாகப் போடுங்கள், குழந்தையைத் தூக்குவதற்கு முன் குளியுங்கள்.

8. கைதாகிவிட்டால்

திமிறாதீர்கள். இரண்டு வாக்கியம் போதும்: 'ஐ வான்ட் டு ரிமைன் சைலன்ட்', 'ஐ வான்ட் எ லாயர்'. சொன்ன பிறகு உண்மையிலேயே பேசாமல் இருங்கள். காத்திருப்பு அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் 'என்ன ஆச்சு பிரதர்' என்று கேட்டாலும் சரி. கையில் எழுதிய எண்ணுக்குப் பேசுங்கள். வீட்டுக்குப் பேசும்போது நடந்த கதையைச் சொல்லாதீர்கள், பதிவாகும். நீங்கள் இந்தியர் என்றால் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை உண்டு.

நியூயார்க்கில் இப்படிப்பட்ட கைதுகள் பல 'டிஸ்ஆர்டர்லி காண்டக்ட்' என்ற பிரிவில் முடியும். அந்த மாநிலச் சட்டத்தில் அது விதிமீறல், குற்றம் அல்ல. ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் தள்ளுபடி என்ற ஏற்பாடும் கிடைக்கலாம். நண்பர்கள் 'ஒன்றுமில்லை, ஒத்துக்கொண்டு வா' என்பார்கள். அவர்கள் குடிமக்கள். நீங்கள் ஒத்துக்கொள்வதற்கு முன், குடியேற்றத்தில் என்ன பாதிப்பு என்று உங்கள் வக்கீல் சொல்லியாக வேண்டும், 2010-ல் பாடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கியது. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

ஐஸ் கையில் சிக்கினால் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாகவே நாட்டை விட்டுப் போகச் சம்மதம் என்ற தாளும் அந்தக் கட்டில் இருக்கலாம்.

9. தெருவுக்கு வர முடியாதவர்களுக்கு

வேலை நிறைய இருக்கிறது. போராட்ட நாளில் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் பாதிப் பேர் வர முடியாது. சட்ட உதவிக் குழுக்களுக்குத் தமிழ், தெலுங்கு, இந்தி மொழிபெயர்ப்பாளர்கள் எப்போதும் தேவை. காங்கிரஸ் தொலைபேசி மையம் 202-224-3121. உங்கள் தொகுதியைச் சொன்னால் இணைப்பார்கள், வாக்குரிமை இல்லாதவரும் பேசலாம். குடிமக்களாக இருந்தால், குடியேற்ற நீதிமன்றத்துக்கு வருகிறவர்களோடு துணைக்குப் போகலாம். மன்ஹாட்டனில் 26 ஃபெடரல் பிளாசாவில் தன்னார்வலர்கள் தினமும் இதைச் செய்கிறார்கள். ஆபத்தே இல்லாத வேலை என்று எண்ண வேண்டாம். 2025 ஜூன் 17 அன்று அப்படி ஒருவரோடு நடந்துபோன, நியூயார்க் நகரின் அப்போதைய கணக்குத் தலைவர் பிராட் லேண்டரையே பிடித்து வைத்தார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் கேட்டால், 1965-ல் அயோவாவில் வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்குப் போன பிள்ளைகளின் கதையைச் சொல்லுங்கள். பள்ளி வெளியே அனுப்பியது. 1969-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று பிள்ளைகள் பக்கம் நின்றது. பட்டை அணியலாம். வகுப்பைவிட்டு வெளியேறினால் மட்டும் ஆப்சென்ட் விழும்.

10. திரும்பி வந்த பிறகு

அடிபட்டிருந்தால் அன்றே படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பார்த்ததை நேரம், இடம், அதிகாரியின் பேட்ஜ் எண்ணோடு அன்றிரவே எழுதி வையுங்கள், ஒரு வாரத்தில் மறந்துவிடும். டிக்கெட் கொடுத்திருந்தால் நீதிமன்றத் தேதியைத் தவறவிடாதீர்கள். தவறினால் வாரண்ட் வரும், சில்லறை விஷயம் பெரிதாகும். வழக்கு முடிந்தபின் நீதிமன்ற முத்திரையிட்ட முடிவுத் தாளின் பிரதிகளை வாங்கிப் பாஸ்போர்ட் கோப்பில் வையுங்கள். என்-400 நேர்காணலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

கையில் எழுதிய எண் சோப்புக்குப் போகாது. சானிட்டைசரை ஊற்றித் துடைத்தால் போய்விடும். ஆனால் கூட வந்த கடைசி ஆள் 'வீட்டுக்கு வந்துட்டேன்' என்று செய்தி அனுப்பும்வரை அழிக்காதீர்கள்.